ஜாம்பி படங்களில் எது உயிர்: தொற்று வெடிக்கும் முதல் நாளா, மிஞ்சியவர்களின் பின்னாளா?

அனோரத்தா வீதி எழுதியது:

நேற்றிரவு பர்மாவின் ரங்கூனில் எங்கள் வட்டாரத்துக்கு மின்சாரம் வந்த நான்கு மணி நேரத்தில் ‘டிரெயின் டு பூசான்’ என்ற கொரிய ஜாம்பி படத்தை மூன்றாம் முறையாகப் பார்த்து முடித்தேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

செத்தவர்கள் எழுந்து வந்து கடித்துத் தொற்றவைக்கும் இந்த ஜாம்பி படங்கள் இரண்டு வகை. தொற்று வெடிக்கிற அன்றைய பொழுதைக் காட்டுபவை முதல்நாள் படங்கள். உலகம் கவிழ்ந்து மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின், மிஞ்சியவர்கள் வேலிக்குள் வாழ்வதைக் காட்டுபவை பின்னாள் படங்கள். நான் முதல்நாள் கட்சி. பின்னாளில் ஜாம்பி ஒரு காட்டு விலங்காகிவிடுகிறது. எங்கே அடிக்க வேண்டும், எப்படி ஒளிய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு ஏது அச்சம்?

முதல் நாளில் யாருக்கும் எதுவும் தெரியாது. பூசான் ரயிலில் வந்தவர்கள், இராணுவம் காப்பாற்றும் என்று நம்பி டேஜான் நிலையத்தில் இறங்குகிறார்கள். அந்த இராணுவத்தையே தொற்று தின்றிருக்கிறது. அவர்கள் நகரும் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருக்கும்போது எனக்குக் கை சில்லிட்டுவிட்டது, மூன்றாம் முறை பார்த்தும்.

இன்னும் தெளிவான சான்று வேண்டுமா? அதே இயக்குநர் யோன் சாங் ஹோ 2020இல் ‘பெனின்சுலா’ எடுத்தார். அதே நாடு, அதே தொற்று, நான்கு ஆண்டுகள் கழித்து நடக்கும் கதை. கார்கள் துரத்தின, துப்பாக்கிகள் வெடித்தன. மனதில் தங்கிய முகம் ஒன்றுகூட இல்லை.

தட்டோன் ஆசிரியை எழுதியது:

தம்பி, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ‘பெனின்சுலா’ சரியாக அமையாததற்கு அதன் காலத்தைக் குற்றம் சொல்லக் கூடாது.

இந்த வகைப் படங்களுக்கெல்லாம் தாயான 1968ஆம் ஆண்டின் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் ஒரு வீட்டுக்குள் போராடிப் பிழைத்தவன் பென் என்ற கறுப்பின மனிதன். விடிந்துவிட்டது, ஆபத்து நீங்கிவிட்டது, துப்பாக்கியோடு ஊர்க்காரர்கள் வருகிறார்கள். ஜன்னலில் அவன் தலையைப் பார்த்துச் சுட்டுவிடுகிறார்கள். பிணத்தைக் கொக்கியால் இழுத்துப் போய் எரிக்கிறார்கள். அந்தப் படத்தில் என்னைத் தூங்கவிடாதது இரவு அல்ல, அந்தக் காலைதான். உங்கள் கணக்கில் அது முதல் நாளா, பின்னாளா?

அதே இயக்குநர் ரொமேரோ 1978இல் எடுத்த ‘டான் ஆஃப் த டெட்’ படத்தில் நால்வர் ஒரு பெரிய வணிக வளாகத்தைப் பிடித்து வாழ்கிறார்கள். உணவு, உடை, பணம் எல்லாம் இருக்கிறது. மாதங்கள் போகப் போக அவர்கள் முகத்தில் படியும் வெறுமை இருக்கிறதே, அதற்கு எந்த ஓட்டமும் ஈடாகாது. 1985இல் வந்த ‘டே ஆஃப் த டெட்’ படத்திலோ, பதுங்கறையில் ஒரு மருத்துவர் பப் என்ற ஜாம்பிக்குப் பயிற்சி கொடுக்கிறார். சவரக் கத்தியையும் தொலைபேசியையும் அவனுடைய கை நினைவில் வைத்திருக்கிறது. இவர்களை என்ன செய்வது, இவர்கள் இன்னும் நம்மவர்களா என்ற கேள்வியை முதல் நாளில் கேட்க முடியாது. கேட்பவனைக் கடித்துவிடும்.

அச்சத்தில் ஒருவன் கதவைச் சாத்தினால் மன்னித்துவிடலாம். ஆண்டுகள் கழித்து, வயிறு நிறைந்து, யாருக்குத் திறப்பது என்று பட்டியல் போட்டுக் கதவைச் சாத்துகிறவனைப் பார்க்கத்தான் எனக்குப் பின்னாள் வேண்டும்.

மோல்மீன் மாணவன் எழுதியது:

அக்கா, அண்ணா, இருவரும் ‘28 டேஸ் லேட்டர்’ படத்தை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? தொற்று வெடித்தபோது நாயகன் மருத்துவமனையில் நினைவின்றிக் கிடக்கிறான். விழித்துப் பார்த்தால் லண்டன் காலி. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் அவன் ஒருவன்தான் நடக்கிறான். அதில் தொற்று சில நொடிகளிலேயே ஆளை மாற்றிவிடுகிறது, மாறியவர்கள் பாய்ந்து ஓடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு கடியும் புதிதாக ஒரு முதல் நாள் போலவே இருக்கிறது. வேகம்தான் வேறுபாடு என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழில் 2016இல் வந்த ‘மிருதன்’ படமும் முதல்நாள் படம்தான். ஊட்டியில் தொடங்கும் கதை. ஜாம்பிகள் தண்ணீருக்கு அஞ்சுவார்கள் என்று அதில் வைத்தது எனக்கு மிகவும் பிடித்தது.

அனோரத்தா வீதி எழுதியது:

தம்பி, நாயகனைத் தூங்க வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். 2002இல் அந்தப் படம் செய்ததையே 2010இல் தொடங்கிய ‘தி வாக்கிங் டெட்’ தொடரும் செய்தது. அங்கேயும் மருத்துவமனை, அங்கேயும் விழிப்பு. ஒரு நகரம் சாகிற நாளை நம் கண்ணுக்கு மறைத்துவிட்டு, செத்த நகரத்தை மட்டும் காட்டுகிறார்கள். பாலத்துக் காட்சி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாலத்தில் 28 நாட்களுக்கு முன் என்ன நடந்தது என்பதைத்தான் நான் பார்க்க விரும்பினேன்.

எனக்கு ஏன் இது இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். என் தாத்தாவுக்கு 1941இல் பதினொரு வயது. இன்றைய அனோரத்தா வீதிக்கு அப்போது பிரேசர் வீதி என்று பெயர். சாகும்வரை அவர் பிரேசர் வீதி என்றுதான் சொன்னார். டிசம்பர் 23ஆம் தேதி, பகல் பொழுது, வானத்தில் விமானங்களின் இரைச்சல் கேட்டது. யாரும் ஓடவில்லை. கடைக்காரர்கள் கல்லாவை விட்டு வெளியே வந்தார்கள். துறைமுகக் கூலிகள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். மாடியிலும் நடைபாதையிலும் கூட்டம். ஜப்பான்காரனும் வெள்ளைக்காரனும் வானத்தில் சண்டை போடுவதை ஊரே வேடிக்கை பார்த்தது. தாத்தாவும் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு எம்பிப் பார்த்தாராம். குண்டுகள் அந்தக் கூட்டத்தின் மேல்தான் விழுந்தன. அன்று ரங்கூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தெருவில் நின்று பார்த்ததால்தான் இத்தனை பேர் இறந்தார்கள் என்று வரலாறு எழுதியவர்களும் சொல்கிறார்கள்.

அந்தத் தோள் யாருடையது என்று தாத்தாவுக்குக் கடைசிவரை தெரியாது. ஓடவேண்டும் என்பது தெரியாமல் மனிதர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தை நல்ல முதல்நாள் படம் காட்டிவிடுகிறது. எந்தப் பின்னாள் படத்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, அக்கா.

தட்டோன் ஆசிரியை எழுதியது:

படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை, தம்பி. ஆனால் தாத்தாவின் கதையை நீங்கள் நிறுத்திய இடத்தில்தான் உங்கள் படங்களும் நிற்கின்றன. மறுநாள் அவர் என்ன செய்தார்?

1942 பிப்ரவரியில் ஜப்பான் படை நெருங்கி ரங்கூன் காலியானபோது சிறைக் கதவுகளையும் மனநல மருத்துவமனைக் கதவுகளையும் திறந்துவிட்டார்கள். ஆளில்லாத வீதிகளில் கொள்ளையும் தீயும். நீங்கள் குறை சொன்ன அந்த வெறிச்சோடிய லண்டனை நம் பெரியவர்கள் ரங்கூனில் நேரிலேயே கண்டவர்கள். லட்சக்கணக்கானோர் இந்தியாவை நோக்கி நடந்தார்கள். சிலர் புரோமிலிருந்து தவுங்குப் கணவாய் வழியாக, சிலர் தமு வழியாக இம்பாலுக்கும் திமாப்பூருக்கும். காலராவும் மலேரியாவும் வழியெல்லாம் தின்றன.

என் அப்பாயி தமு வழியாக நடந்தவர். அந்த நடையைப் பற்றி ஒரு சொல்கூடச் சொன்னதில்லை, நாங்கள் எவ்வளவு கேட்டாலும். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது 1946இல் தட்டோனுக்குத் திரும்பி வந்த கதையைத்தான். வீட்டில் ஒரு பர்மியக் குடும்பம் இருந்தது. அவர்களுடைய வீடு வேறெங்கோ எரிந்துபோயிருந்தது. யார் யாரை வெளியேற்றுவது? இரண்டு ஆண்டுகள் அந்த வீட்டில் ஒரே அடுப்பு. காலையில் அவர்கள் மொஹிங்கா என்ற மீன்குழம்பைக் காய்ச்சி முடித்தபின் அப்பாயி உலை வைப்பார். மீன் வாசனைக்குப் பழகிக்கொண்டார், ஆனால் உப்பு ஜாடியை மட்டும் தனியாக வைத்துக்கொண்டாராம். அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் தீபாவளிக்கு இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

ஒரே அடுப்பில் இரண்டு குடும்பம் சமைக்கிற ஜாம்பி படத்தை எனக்குக் காட்டுங்கள். அதற்காகத்தான் பின்னாள் படங்கள் ஒவ்வொன்றையும் தேடிப் பார்க்கிறேன். பெரும்பாலும் துப்பாக்கிதான் கிடைக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அனோரத்தா வீதி எழுதியது:

அக்கா, அப்பாயி நடந்த அந்தத் தமு பாதையிலேயே வெள்ளையருக்கு ஒரு தடம், இந்தியருக்கு ஒரு தடம் என்று பிரித்தார்கள். 1942இல் காங்கிரஸ் கட்சி அதைக் கண்டித்தது. பட்டியல் போட்டுக் கதவைச் சாத்துவதற்கு ஆண்டுகள் ஆகும் என்றீர்களே. ஓடுகிற வழியிலேயே பட்டியல் தயாராக இருந்தது! பூசான் ரயிலில், உயிர் தப்பி வந்தவர்களைச் சக பயணிகள் பெட்டிக்குள் விட மறுப்பதற்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. முதல் நாள் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருப்பதன் மேல் போர்த்திய துணியை இழுத்துவிடுகிறது. அதற்கு மேல் பத்து ஆண்டு காட்டுவதால் என்ன கூடுதலாகத் தெரிந்துவிடும்?

மண்டலே மருந்துக்கடை எழுதியது:

வணக்கம். இரண்டு நாட்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2025 மார்ச் 28 அன்று 7.7 அளவு நிலநடுக்கம் வந்தபோது நான் கடையில் இருந்தேன். அலமாரிகள் எல்லாம் என் முன்னே விழுந்தன. ஆட்டம் நிற்கச் சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. அண்ணன் சொல்லும் முதல் நாள் எனக்கு அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏப்ரல் வெயிலில் பல வாரம் தெருவில் பாய் விரித்துப் படுத்தோம். 2021 ஜூலை கொரோனா அலையில் ஆக்சிஜன் சிலிண்டருக்காக என் அம்மாவுக்கு வரிசையில் நின்ற நாளிலிருந்தே முதல்நாள் படங்களை என்னால் பார்க்க முடிவதில்லை. இருமல் சத்தம் வந்தால் நிறுத்திவிடுவேன்.

ஆனால் ஆசிரியை அக்காவோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. பின்னாள் படங்கள் மிகத் தொலைவுக்குத் தாவிவிடுகின்றன. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு, இருபது ஆண்டு. மூன்றாவது வாரத்தை யாரும் எடுப்பதில்லை. நிலநடுக்கத்துக்குப் பின் என் கடையைத் தேடி வந்தவர்கள் முதல் சில நாட்கள்தான் காயத்துக்குத் துணியும் மருந்தும் கேட்டார்கள். பிறகு வந்தவர்கள் எல்லாம் சர்க்கரை மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை கேட்டார்கள். சீட்டு இடிந்த வீட்டுக்குள் கிடக்கிறது. மாத்திரையின் பெயர் தெரியாது. “வெள்ளையாக இருக்கும், நடுவில் கோடு போட்டிருக்கும்” என்பார்கள். ஜாம்பி படத்தில் சர்க்கரை நோயாளி ஒருவரை முக்கியப் பாத்திரமாக நான் பார்த்ததே இல்லை.

மோல்மீன் தம்பி சொன்ன படத்தைப் பற்றி ஒன்று. இன்சுலினைக் குளிர்ப்பெட்டியில்தான் வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் பல வகை இன்சுலின்களுக்குக் கெடு 28 நாட்கள், அதுவும் மிதமான அறை வெப்பத்தில். நம் ஊர் வெயிலில் அதுவும் நிற்காது. நாயகன் கண் விழிக்கிற அந்த 28ஆம் நாளில், மின்சாரம் போன லண்டன் மருந்துக் கடைகளில் இருந்த இன்சுலினும் ஏறக்குறைய முடிந்திருக்கும். கடிபடாமல் ஒளிந்து பிழைத்த எத்தனை பேர் அந்த வாரத்தில் வீட்டுக்குள்ளேயே இறந்திருப்பார்கள்? பாலத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூடிய ஜன்னல்கள்தான் எனக்குத் தெரிகின்றன.

மோல்மீன் மாணவன் எழுதியது:

அண்ணா, நாயகன் அந்த மருத்துவமனையின் நடைகூடங்களில் யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுக்கொண்டே போவான். மற்ற படுக்கைகளில் யார் இருந்திருப்பார்கள் என்று நான் ஒருமுறைகூட நினைத்ததில்லை. இன்றிரவு மறுபடி பார்க்கப் போகிறேன்.

தட்டோன் ஆசிரியை எழுதியது:

மருந்துக்கடைத் தம்பி, உங்கள் வழக்கில் நான் தோற்றேன். அப்பாயி வாய் திறக்காத பகுதியும் அந்த மூன்றாவது வாரமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அம்மா இப்போது நலமா?

அனோரத்தா தம்பிக்கு மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. துணியை இழுப்பது முதல் நாள் என்றால், அதே துணியை மடித்து வைத்துக்கொண்டு மறுபடி ஒரே வீட்டில் வாழ்வது பின்னாள். இரண்டாவதுதான் கடினம். கடினமானதைத்தான் எடுக்க வேண்டும்.

மண்டலே மருந்துக்கடை எழுதியது:

அம்மா நலம், அக்கா. உங்கள் அப்பாயி கதையை அவருக்கும் படித்துக் காட்டினேன். உப்பு ஜாடி வந்த இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னார்.

அனோரத்தா வீதி எழுதியது:

நானும் விடவில்லை, அக்கா. முதல்நாள்தான் என் கட்சி. ஆனால் மறுநாள் தாத்தா என்ன செய்தார் என்று கேட்டீர்களே, எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று அம்மாவிடம் போய்க் கேட்டேன். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, நாங்கள் யாரும் கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லையாம்.

24ஆம் தேதி விடிகாலை வழக்கமான நேரத்துக்குப் பால்காரர் வந்திருக்கிறார். வீதியில் இன்னும் புகை. பக்கத்துக் கட்டடம் பாதி இல்லை. அவர் வாசலில் நின்று, எப்போதும் போல “அம்மா, பால்” என்று குரல் கொடுத்தாராம். 25ஆம் தேதி மறுபடி குண்டு விழுந்தது. அதன்பின் அவர் வரவில்லை. அந்த 24ஆம் தேதிக் காலையை நான் பார்த்த முதல்நாள் படம் எதிலும் பார்த்ததில்லை.

தட்டோன் ஆசிரியை எழுதியது:

பாலை வாங்கினார்களா, தம்பி?

அனோரத்தா வீதி எழுதியது:

வாங்கினார்கள், அக்கா. கணக்கை மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்களாம்.