புதுப்பிப்பு: ட்ரீம் தியேட்டர் 'லைவ் அட் புடோகான்' டிவிடியில் குரல் அமுங்கிய சிக்கல் தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: ராக் இசைக்குழுவான ட்ரீம் தியேட்டரின் இந்தக் கச்சேரி டிவிடியில் கிட்டாரும் டிரம்ஸும் காதைப் பிளக்கின்றன, பாடகர் ஜேம்ஸ் லாப்ரியின் குரல் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்கிறது, ஒலிக்கலவையே மோசமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கலவையில் குறையில்லை. 'டிஸ்க் மெனுவில் 5.1-ஐ (ஆறு ஸ்பீக்கருக்கான ஒலித்தடம்) விட்டு ஸ்டீரியோவுக்கு (இரண்டு ஸ்பீக்கருக்கானது) மாற்றிப் பாருங்கள்' என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் சரி. மாற்றிய உடனே குரல் முன்னால் வந்து நின்றது. 5.1-இல் குரல் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகிறது. என்னிடம் இருப்பதோ இடது, வலது இரண்டே. நடு ஸ்பீக்கர் வயர் அறுந்து ஆறு மாதமாகப் பரணில் கிடக்கிறது. அதை நான் சொல்லவே இல்லை, மன்னிக்கவும். அப்புறம் ஆம்பிளிஃபயர் அமைப்பில் நடு ஸ்பீக்கர் 'இல்லை' என்று குறித்தேன். இப்போது நடு ஸ்பீக்கருக்கான ஒலியும் இடது, வலதுக்கே வருவதால் 5.1 தடத்திலும் குரல் தெளிவு.

'அன்றிரவு லாப்ரிக்குத் தொண்டை சரியில்லை' என்றவர்களுடன் இனி ஒத்துப்போக முடியாது. 2004 ஏப்ரலில் டோக்கியோவில் பதிவான கச்சேரி. மனிதர் நன்றாகவே பாடியிருக்கிறார்.

எதிர்பாராதது ஒன்று: இரண்டாவது டிஸ்க்கில் 'இன்ஸ்ட்ருமெட்லி' என்ற பாடலில்லாத இசைக் கோர்வையைக் கேமரா கோணம் மாற்றிப் பார்க்கலாம். ரிமோட்டில் ஆங்கிள் பட்டன் எதற்கென்று இத்தனை வருடம் தெரியாமல் இருந்தேன். பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜான் மயங்கின் விரல்களை மட்டும் நான்கு முறை பார்த்தாயிற்று.