மறு: மறு: பயிற்சியாளர் ஆடுகளத்துக்குள் கால் வைப்பதற்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துச் சொற்பட்டியலில் இரண்டு இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. ஒன்று, தலைமைப் பயிற்சியாளர் நிற்கலாம் என்று விதி ஒதுக்கியிருக்கும் இடம், அதாவது ‘கோச்சிங் பாக்ஸ்’. மற்றது, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் அந்த இடத்தை விட்டு ஆடுகளத்துக்குள் கால் வைப்பது. ‘ஆங்கிலத்திலேயே இதற்கு ஒற்றைச் சொல் புழங்கவில்லை, நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர்கள் நீட்டி முழக்கிச் சொல்கிறார்கள் என்பதற்காக நாமும் அப்படியே சொல்ல வேண்டுமா? வர்ணனையில் பேசுகிறவருக்கு அதற்குள் பந்து எதிர்ப்பக்கம் போய்விடும்.

சொல்லுக்கு முன் சங்கதியைப் பார்த்துவிடலாம். கல்லூரி ஆடுகளம் 94 அடி நீளம், 50 அடி அகலம். ஆண்கள் ஆட்டத்தில் பயிற்சியாளரின் கட்டம் முன்பு கடைக்கோட்டிலிருந்து 28 அடிவரைதான் இருந்தது. 2017-18 பருவத்தில் அதை 38 அடியாக நீட்டினார்கள். பாதிக்களமே 47 அடிதான். ஆக, நடுக்கோட்டைத் தொட இன்னும் 9 அடிதான் பாக்கி. தன் ஆட்டக்காரர்களோடு பேச வசதியாக இருக்கட்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். நீளத்தில் இவ்வளவு தாராளம் காட்டிய விதி, அகலவாக்கில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. பக்கக்கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் ஆட்டம்.

மூன்று புள்ளிக் கோட்டுக்கும் பக்கக்கோட்டுக்கும் நடுவே மூலையில் இருக்கும் இடத்தை ஒருமுறை கவனியுங்கள். மூன்றடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆறரை அடி உயர ஆள் அதில் இரண்டு பாதத்தையும் ஊன்றி, கோட்டை மிதிக்காமல் எம்பி எறிய வேண்டும். தன் பெஞ்சுக்கு முன்னால் இருக்கும் அந்த மூலையில் பயிற்சியாளர் ஒரு பாதத்தை உள்ளே வைத்தால் போதும், இருக்கிற கொஞ்ச இடமும் போச்சு. அவர் யாரையும் தடுக்க நினைத்திருக்க மாட்டார். ‘கையைத் தூக்கு, கையைத் தூக்கு’ என்று கத்திக்கொண்டே வந்திருப்பார், கால் தானாக முன்னே போயிருக்கும். தண்டனையும் அதற்கேற்ப மென்மைதான். முதல் தடவை எச்சரிக்கை. அடுத்த தடவை ‘பி’ வகை டெக்னிக்கல் ஃபவுல், அதாவது மோதலுக்கல்ல, நடத்தைக்குச் சொல்லும் தவறு; எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு. வசவுக்கும் வம்புக்கும் விதிக்கும் ‘ஏ’ வகையில் இரண்டு. சண்டை மூண்டால் விலக்கவும், அடிபட்டவரைப் பார்க்க நடுவர் கூப்பிட்டால் போகவும் கட்டத்தை விட்டு வரலாம். அணி கேட்டு வாங்கும் சிறு இடைவேளையான டைம் அவுட்டிலும் தடையில்லை.

இந்த மென்மை சொல்லிலும் தெரிய வேண்டும் என்பதே என் கட்சி. பட்டியலுக்கு வந்த ‘அத்துமீறல்’ அதனாலேயே எனக்கு ஒவ்வவில்லை. பொருள்படி அது கச்சிதம்தான், அத்து என்றாலே எல்லை. ஆனால் இன்றைய செய்தித்தாளில் ‘பயிற்சியாளர் அத்துமீறல்’ என்று தலைப்பு வந்தால் வாசகர் என்ன நினைப்பார்? காவல் நிலையத்தைத்தான். ‘களமிறங்கல்’ இன்னும் மோசம். ‘பயிற்சியாளர் களமிறங்கினார்’ என்றால் தேர்தலில் நிற்கிறார் என்றாகிவிடும்.

நான் வைப்பது: களமிதி. வினையாக ‘களம் மிதித்தார்’. பாண்டி ஆடும் பிள்ளைகள்கூடக் ‘கோட்டை மிதிச்சிட்டே’ என்றுதான் சொல்கிறார்கள். அதில் குற்றச்சாட்டு உண்டு, கேவலம் இல்லை. கட்டத்துக்குப் பயிற்சியாளர் கட்டம்.

— — —

தம்பி, வணக்கம். டொரண்டோவிலயிருந்து.

மடல் வாசிச்சன். முதலில ஒரு பழைய கதை. இந்த விளையாட்டை 1891இல ஸ்பிரிங்ஃபீல்டில உண்டாக்கின ஜேம்ஸ் நெய்ஸ்மித் எங்கட ஒன்டாரியோவில பிறந்த ஆள். அவர் எழுதின 13 விதியில பயிற்றுவிப்பாளர் எண்ட ஆளே இல்லை. பிறகு 1910 அளவில, ஆட்டம் நடக்கேக்க அணியைச் சேர்ந்த ஒருத்தரும் வெளியிலயிருந்து சொல்லிக்குடுக்கக் கூடாது எண்டு விதி வந்தது. முதல் தரம் எச்சரிக்கை, அடுத்த தரம் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. இண்டைக்கும் அதே படிமுறைதான், கவனிச்சீங்களோ? டைம் அவுட்டில தன்ர பிள்ளைகளோட கதைக்கிறதுக்கே 1948-49 பருவம்வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. வாய் திறக்கக் கூடாது எண்டு தொடங்கின விதி இப்ப கால் வைக்கக் கூடாது எண்டதில வந்து நிக்குது. நெய்ஸ்மித்தே கன்சாஸ் பல்கலைக்கழகத்தில பயிற்றுவிப்பாளரா இருந்து, வெண்டதை விடக் கூடத் தோத்தவர், அது வேற கதை.

இனிச் சொல்லுக்கு வாறன். ‘மிதி’ எங்கட காதில சும்மா விழாது. மிதிவெடி எண்ட சொல்லோட கிடந்து வளந்த தலைமுறை நாங்கள். களமும் மிதியும் சேர்ந்து வந்தால் என்ர வயதுக்காரருக்கு ஒரு கணம் நெஞ்சு இடிக்கும். அதை விட்டாலும், களத்தில மிதிக்கிறது எண்டால் சூடு மிதிக்கிறது. மாடு கட்டி நெல் மிதிச்சு எடுக்கிற வேலை. ஒரு பிழைக்கு அந்தப் பேரோ?

கிளித்தட்டிலயிருந்து ஒரு சொல் எடுக்கேலாதோ? தாச்சி தன்ர கோட்டை விட்டு இறங்கக் கூடாது. அவன்ர சீவியம் முழுக்க அந்த ஒரு கோட்டிலதான். உங்கட 38 அடிக்காரரும் அப்பிடித்தானே. கட்டத்துக்குத் ‘தாச்சிக்கோடு’ எண்டு வைச்சால் என்ன? மற்றது, ‘பயிற்சியாளர்’ எண்டால் எங்கட பக்கத்தில பயிற்சி எடுக்கிறவர் எண்டும் விளங்கும். பயிற்றுவிப்பாளர் எண்டு போடுங்கோ.

— — —

ஐயா, தாச்சியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் உதைக்கிறது. தாச்சியின் வேலையே தாண்டி ஓடுகிறவனை மறிப்பது. பயிற்சியாளர் எதைச் செய்யக் கூடாது என்பதற்காக விதி போட்டார்களோ, அதைச் செய்கிறவரின் பெயரை அவருக்குச் சூட்டுவதா?

மறித்த கதை ஒன்று உண்டு. கல்லூரி ஆட்டமல்ல, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ. 2010 பிப்ரவரியில் டல்லாஸும் அட்லாண்டாவும் ஆடின. டல்லாஸின் ஜேசன் கிட் பந்தைத் தட்டிக்கொண்டு பக்கக்கோட்டோரமாக வருகிறார். அட்லாண்டா பயிற்சியாளர் மைக் உட்ஸன் கோட்டைத் தாண்டி உள்ளே நின்று தன் ஆட்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறார். கிட்டுக்கு விலகிப் போக வழி இருந்தது. அவர் விலகவில்லை. பார்த்துக்கொண்டே போய் நேராக மோதினார். விசில். அட்லாண்டா மேல் டெக்னிக்கல். நெருக்கமாகப் போய்க்கொண்டிருந்த அந்த ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், டல்லாஸ் வென்றது. களமிதிக்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. உட்ஸன் செய்தது நின்றது மட்டும்தான். அதைக் கண்டுபிடித்துக் காசாக்கியது எதிராளியின் கண்.

இதே கிட் 2013 நவம்பரில் புரூக்ளின் பயிற்சியாளர். கையில் டைம் அவுட் தீர்ந்துபோன நேரத்தில் குளிர்பானக் கோப்பையோடு களத்தின் ஓரத்துக்கு வந்தார். தன் ஆட்டக்காரரே வந்து இடிக்கும்படி பார்த்துக்கொண்டார். தரையெல்லாம் கொட்டியது. துடைத்து முடிக்கும்வரை அவர் அணிக்கு ஓசியில் ஓர் இடைவேளை. லீக் 50,000 டாலர் அபராதம் போட்டது. மறுநாளே அமெரிக்கக் கால்பந்தில் பிட்ஸ்பர்க் பயிற்சியாளர் மைக் டாம்லின், பந்தோடு ஓடிவந்த பால்டிமோர் ஆட்டக்காரரின் பாதையில் களத்துக்குள் ஒரு கால் வைத்து நின்றார். அதற்கு 1,00,000 டாலர். சொல் கூடைப்பந்தோடு நின்றுவிடக் கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான். களம் என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

உட்ஸன் 2021இல் கல்லூரி ஆட்டத்துக்கே வந்துவிட்டார், தான் படித்த இண்டியானா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக. மாணவராக அவர் ஆடியது பாபி நைட்டிடம். ஆமாம், 1985 பிப்ரவரியில் பர்டூவுக்கு எதிரான ஆட்டத்தில் களத்தின் குறுக்கே நாற்காலியை வீசிய அதே நைட். ‘அதுவும் களமிதியில் சேருமா?’ என்று தனிமடலில் ஓர் அக்கா கேட்டிருந்தார். சேராது. அப்போது பந்து உயிரோடு இல்லை, பர்டூவின் ஆட்டக்காரர் ஃப்ரீ த்ரோ எறிய நின்றுகொண்டிருந்தார். 2014இல் டியூக் பல்கலைக்கழகக் களத்தில் சிரக்யூஸ் பயிற்சியாளர் ஜிம் போஹைம் கோட்டைப் பிய்த்துக்கொண்டு உள்ளே ஓடியதும் அப்படியே. (ஆடைக் கோட்டைத்தான் சொல்கிறேன்.) ஆட்டம் முடிய 10 வினாடி சொச்சம், டியூக் இரண்டு புள்ளி முன்னிலை. சமன் செய்யும் கூடை விழுந்ததும் அதை ரத்து செய்து, எறிந்தவர் மேலேயே தவறு சொன்னார் நடுவர். விசில் ஊதிய பிறகுதான் போஹைம் புறப்பட்டார். இரண்டு டெக்னிக்கல், வெளியேற்றம், 66-60 தோல்வி. இவர்கள் கட்டத்தை மறந்தவர்கள் அல்லர், நடுவரைத் தேடிப் போனவர்கள். இந்த வகைக்குக் ‘களம்புகல்’ என்று வைக்கலாம். பழம்பாட்டு வாடையடிக்கும்தான், ஆனால் அந்த ஆட்களுக்கு அது தகும்.

மிதிவெடி பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் வாதம் இல்லை. அது உறுத்துமானால் சொல்லை மாற்றத்தான் வேண்டும்.

— — —

குழுவினருக்கு. நான் மாவட்டப் போட்டிகளில் விசில் ஊதுகிறவன். நீங்கள் பேசுவது அமெரிக்கக் கல்லூரி விதி, நாங்கள் ஊதுவது ஃபிபா என்னும் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதி. அதில் 38 அடி கிடையாது. பெஞ்சுப் பகுதி கடைக்கோட்டில் தொடங்கி நடுக்கோட்டுக்கு 5 மீட்டர் முன்னால் முடிந்துவிடும். தலைமைப் பயிற்சியாளர், முதல் உதவிப் பயிற்சியாளர் இருவரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நின்றுகொண்டிருக்கலாம். ‘பயிற்சியாளர் கட்டம்’ என்று பொதுவாக வைத்தால் எங்கள் ஆட்கள் எந்த விதி என்று குழம்புவார்கள். வரையறையில் அளவைச் சேருங்கள்.

சொல் விஷயத்தில் ஒரு நடைமுறை. ஆட்டத்தின்போது ‘நீர் களம் மிதித்துவிட்டீர்’ என்று யாரும் சொல்லப்போவதில்லை. ‘சார், லைன், லைன்’ என்று கையைக் காட்டுவோம், அவர் பின்னால் போவார், அரை நிமிஷத்தில் திரும்ப வந்துவிடுவார். மனுஷன் கெட்டவர் இல்லை, அவர் கண் பந்தில் இருக்கிறது. நடுவர் பயிற்சி வகுப்புக்கும் அறிக்கைக்கும்தான் சொல் வேண்டும். அங்கே ‘கோடுதாண்டல்’ போதும். சொன்னதும் விளங்குகிறது, யாருக்கும் வலிக்காது.

ஒரு குறை மட்டும் உண்டு. ஆட்டக்காரர் பந்தோடு வெளியே போவதையும் சிலர் ‘கோடு தாண்டிட்டான்’ என்பார்கள். இது உள்ளே வருவது, அது வெளியே போவது.

— — —

தம்பி, கோடுதாண்டல் எனக்குச் சம்மதம். குறையை நீக்கிறது சுகம். உள்ளுக்க வாறதுக்கு ‘உள்தாண்டல்’ எண்டு வைச்சால் திசையும் தெரியும், மிதியும் இல்லை. ஆட்டக்காரன் வெளியில போறதோட குழம்பாது.

— — —

உள்தாண்டல்! ஐயா, எடுத்துக்கொண்டேன். வர்ணனையில் சொல்லிப் பார்த்தேன்: ‘உள்தாண்டலுக்கு எச்சரிக்கை, இரண்டாவது உள்தாண்டல், டெக்னிக்கல்.’ நாக்கில் நிற்கிறது. டாம்லினுக்கும் பொருந்துகிறது. களமிதியைத் திரும்பப் பெறுகிறேன்.

பட்டியலில் இப்படிப் போகும். உள்தாண்டல்: ஆட்டம் உயிரோடு இருக்கையில் பயிற்சியாளர் பக்கக்கோட்டைத் தாண்டி ஆடுகளத்துக்குள் நிற்பது அல்லது கால் வைப்பது. களம்புகல்: ஆட்டம் நின்ற பின் நடுவரை நோக்கியோ எதிரணியை நோக்கியோ உள்ளே செல்வது. பயிற்சியாளர் கட்டம் என்பதன் கீழ் ஃபிபா அளவு, அமெரிக்கக் கல்லூரி அளவு இரண்டையும் தருகிறேன். இலங்கை வழக்காகப் ‘பயிற்றுவிப்பாளர் கட்டம்’ அதே பதிவில் சமநிலையில் வரும், அடிக்குறிப்பில் அல்ல.

பக்கக்கோட்டுக்கு வெளியிலேயே நின்று, ஆனால் கட்டத்தின் 38 அடியைத் தாண்டி நடுக்கோட்டுப் பக்கம் நகர்ந்து போகிறவருக்கு என்ன சொல்? களத்துக்குள் வரவில்லை, ஆகவே உள்தாண்டல் ஆகாது. ஆனால் அதுவும் விதிமீறல்தான், அதே எச்சரிக்கைதான். நடுவர் நண்பர் வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால் இந்தத் தவணையிலேயே சேர்த்துவிடலாம். வென்ற அணியின் ரசிகர்கள் கூட்டமாக உள்ளே பாய்வதைப் பற்றிக் கேட்டிருந்தவர்கள் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள். 2024 ஜனவரியில் கல்லூரி ஆட்டக்காரர் கெய்ட்லின் கிளார்க்கை ஒரு ரசிகை வந்து மோதி வீழ்த்திய பிறகு அதைப் பேச நிறைய இருக்கிறது.