பேத்தாலஜி கிளப்புக்கு ஆட்கள் வந்தது எப்படி? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

இறுதி ஆண்டு மாணவி, கிளப் பொறுப்பாளர்:

கால்நடை மருத்துவ மாணவர்கள் நடத்தும் பேத்தாலஜி (நோய்க்குறியியல், அதாவது உறுப்புகளையும் திசுக்களையும் பார்த்து நோயை அறியும் துறை) கிளப் எதுவாக இருந்தாலும் குறை ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பெயர் கொடுப்பவர்கள் நிறைய, வருகிறவர்கள் சொற்பம். நான் பொறுப்பேற்ற பிறகு நடந்த முதல் கூட்டத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். 'நோய்க்குறியியலில் வேலைவாய்ப்புகள்' என்று தலைப்பு வைத்து, பல வருடம் ஆய்வகத்தில் இருந்த ஒருவரைப் பேச அழைத்திருந்தேன். நோயறியும் ஆய்வகம், மருந்து நிறுவனங்களில் நச்சியல், வனவிலங்கு, ஆராய்ச்சி என்று எல்லா வழிகளையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். முடிந்து கதவைப் பூட்டும்போது மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நல்லா இருந்துச்சுக்கா. ஆனா நான் உயிரோட இருக்கற மிருகத்துக்கு வைத்தியம் பார்க்கத்தான் படிக்க வந்தேன்."

அவள் மேல் தப்பே இல்லை. செத்த மாட்டைப் பார்ப்பது அடுத்த மாட்டைப் பிழைக்க வைக்கத்தான் என்பதை நாங்கள் ஒரு தடவைகூடக் காட்டவில்லையே.

அடுத்த கூட்டத்தில் பேச்சாளர் இல்லை. ஃபார்மலினில் (உறுப்புகளைக் கெடாமல் வைக்கும் திரவம்) இருந்து எடுத்து நன்றாகத் தண்ணீரில் அலசிய ஒரு பசுவின் இதயம், பக்கத்துத் தட்டில் அதே பசுவின் கல்லீரல், நடுவில் ஒரு தாள். தாளில் எழுதியது இவ்வளவுதான்: முழங்கைகளை அகட்டி நின்றது, இறக்கத்தில் நடக்க மறுத்தது, கழுத்து இரத்தக் குழாய் கயிறு மாதிரிப் புடைத்திருந்தது, மார்புக்கு அடியில் வீக்கம். இது ஏன் செத்தது? அந்தத் தாளையே நகல் எடுத்து, கீழே இடமும் நேரமும் சேர்த்து, சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒட்டினேன். போஸ்டர் அதுதான்.

வந்தவர்களை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை, மேசையைச் சுற்றி இரண்டு வரிசை நின்றது. இதய உறை தோல்போலத் தடித்து, உள்பக்கம் முழுக்கச் சொரசொரவென்று ஃபைப்ரின் (அழற்சியில் கசிந்து உறையும் புரதம்) படிந்திருந்தது, வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டித் துண்டுகளை ஒட்டிவிட்டுப் பிரித்தால் தெரியுமே, அந்த மாதிரி. இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் கிடுக்கியால் மெதுவாக விலக்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினான். "ஏதோ தட்டுது" என்றான். விரலை விடாதே என்று முதலிலேயே சொல்லியிருந்தோம், நல்லவேளை. விரல் நீளம்கூட இல்லாத துருப்பிடித்த கம்பி. அதற்குப் பிறகு அறையே கதை சொல்ல ஆரம்பித்தது: தீவனத்தோடு விழுங்கியிருக்கிறது, இரண்டாம் இரைப்பையில் தங்கியிருக்கிறது, இரைப்பை சுருங்கும்போதெல்லாம் முன்னால் தள்ளப்பட்டு, உதரவிதானத்தைத் துளைத்து, இதய உறைக்குள் போய்ச் சீழ் பிடித்திருக்கிறது. அப்புறம் கல்லீரல் பக்கம் திரும்பினார்கள். ஃபார்மலினில் நிறம் மங்கியிருந்தாலும் கருமைப் புள்ளிகளும் அவற்றைச் சுற்றி வெளிறிய வளையமும் தெளிவாகத் தெரிந்தன. புத்தகத்தில் 'ஜாதிக்காய்க் கல்லீரல்' என்று மனப்பாடம் செய்தது, இதயத்தால் இரத்தத்தை வாங்க முடியாமல் கல்லீரலிலேயே தேங்கியதன் கோலம் என்று அங்கே நின்றபடியே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அந்த மூன்றாம் ஆண்டு மாணவியும் வந்திருந்தாள். "அப்போ வாய் வழியா காந்தம் குடுக்கறது இதுக்குத்தானா?" என்று கேட்டாள். ஆமாம், இதற்குத்தான், விழுங்கிய கம்பியை இரைப்பையிலேயே பிடித்து வைக்க.

உங்கள் கிளப்பில் என்ன செய்தீர்கள்? சரியாக வராததையும் எழுதுங்கள்.

முதலாம் ஆண்டு மாணவி:

நான் பயந்து பயந்து சேர்ந்தவள். பிணக்கூறு ஆய்வு அறையின் வாசனையை நினைத்தாலே வயிறு புரளும், வாயைத் திறந்து சொல்லவும் வெட்கம். எங்கள் கிளப்பில் புதியவர்களை முதல் நாளே உள்ளே விடுவதில்லை. முதல் நாள் கத்தி தீட்டக் கற்றுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். தீட்டுகோலில் கத்தியை எந்தச் சாய்வில் வைப்பது, இரண்டு பக்கமும் சமமாக இழுப்பது, மழுங்கிய கத்திதான் கையை வெட்டும், ஏனென்றால் அழுத்த வேண்டியிருக்கும். இரண்டாம் முறை பதப்படுத்திய உறுப்புகள். மூன்றாம் முறைதான் அறைக்குள், அதுவும் கதவோரம் நின்று சீட்டு எழுதும் வேலை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம், ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள், திரும்பி வந்தாலும் கேட்கமாட்டார்கள். நான் இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் திரும்பி வந்தேன்.

என்னை நிரந்தரமாகப் பிடித்து வைத்தது ஒரு விளையாட்டு. 'நோயா, செத்த பிறகு வந்ததா?' என்று பெயர். ஒவ்வொரு உறுப்பாகக் காட்டுவார்கள், சொல்ல வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். குதிரையின் இதயத்தில் மஞ்சளாக ஒரு கட்டி இருந்தது. நான் உடனே இரத்த உறைவு நோய் என்று சொல்லிவிட்டேன். சீனியர் அண்ணா கிடுக்கியால் தூக்கினார், வழுவழுவென்று பளபளப்பாக, ரப்பர் மாதிரி நீண்டு, எங்கேயும் ஒட்டாமல் முழுசாக வெளியே வந்துவிட்டது. உயிரோடு இருக்கும்போது உண்டான உறைவு என்றால் மங்கலாக, சொரசொரப்பாக, குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும், இழுத்தால் பொடியும். அதே மாதிரிதான் வயிறு கிழிந்திருந்தால் ஓரத்தில் இரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது, இருந்தால் உயிரோடு இருந்தபோது கிழிந்தது. குடலுக்குப் பக்கத்தில் பச்சையாகவோ கருப்பாகவோ இருந்தால் பெரும்பாலும் அழுகலின் சாயம். தப்பாகச் சொன்னவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, எனக்கு அது ரொம்பப் பெரிய விஷயம்.

நான்காம் ஆண்டு, கிளினிக்கல் பேத்தாலஜி பக்கம் ஆர்வம்:

எங்களுக்கு ஆள் சேர்த்தது இரத்தப் படலம், அதாவது நுண்ணோக்கியில் பார்க்க ஸ்லைடில் மெல்லியதாக இழுத்துப் பரப்பிய இரத்தத் துளி. மருத்துவமனையில் பரிசோதனை முடிந்து மிஞ்சிய இரத்தக் குழாய்களை அனுமதியோடு வாங்கிக்கொள்வோம். மதிய இடைவேளையில் நாற்பது நிமிடம்தான், அதற்கு மேல் ஒரு நிமிடமும் நீட்டுவதில்லை (மாலையில் வைத்தால் தேர்வு, விடுதி, ஊருக்குப் போகும் அவசரம் என்று யாரும் வரமாட்டார்கள்). துளியை வைத்து, இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துத் தயங்காமல் ஒரே இழுப்பு. நுனியில் இறகு மாதிரி மெலிய வேண்டும். பத்து இழுப்பில் ஒன்று சரியாக வந்தாலே முகம் மலர்ந்துவிடும். பிறகு டிஃப்-குயிக் என்ற விரைவுச் சாயம், மூன்று ஜாடி, நிலைப்படுத்தி, சிவப்பு, நீலம், ஒவ்வொன்றிலும் ஐந்து முக்கு. மறுநாள் கிளினிக்கில் அவர்களே படலம் போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். அதற்காகவே அடுத்த வாரமும் வருவார்கள்.

ஒரு நாள் நாயின் தோல் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த மாதிரி வந்தது. எல்லோரும் ஊதாத் துகள்களைத் தேடினார்கள், இல்லவே இல்லை, மாஸ்ட் செல் கட்டி (செல்லுக்குள் ஊதாத் துகள்கள் நிறைந்த ஒரு வகைத் தோல் புற்று) கிடையாது என்று முடிவும் கட்டிவிட்டார்கள். டிஃப்-குயிக்கில் சில சமயம் அந்தத் துகள்களில் சாயம் ஏறாது என்று ஆசிரியர் சொல்லி, அதே மாதிரியின் இன்னொரு ஸ்லைடை வேறு சாயத்தில் போட்டுக் காட்டினார். செல் நிறைய ஊதா. ஒரு ஸ்லைடை மட்டும் நம்பிக்கொண்டு உரிமையாளரிடம் பேசக்கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த மதியம்தான்.

இன்னொன்று, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு. சாயமிடாத ஸ்லைடுகளை ஃபார்மலின் ஜாடி இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். ஆவி பட்டாலே சாயம் சரியாக ஏறாது, செல்கள் நீலம் பாய்ந்து குழம்பிவிடும். ஒரு பெட்டி முழுக்க எங்களுக்கு அப்படிப் போனது.

முன்னாள் பொறுப்பாளர்:

சரியாக வராததையும் எழுதச் சொன்னதால் இதைச் சொல்கிறேன். எங்கள் கிளப்பை விளம்பரப்படுத்த ஒரு உறுப்பினர் ஆய்வு மேசையின் படத்தை இணையத்தில் போட்டார். நல்ல எண்ணத்தில்தான். ஓரத்தில் நாயின் முன்னங்காலும் அதிலிருந்த வெள்ளைத் திட்டும் தெரிந்தன. அந்த நாயை வளர்த்தவர் பார்த்துவிட்டார். அவர் கோபப்படக்கூட இல்லை, "இது என் பையன்" என்று மட்டும் எழுதியிருந்தார். படத்தை நீக்கினோம், நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம், பல மாதம் கிளப்பை நிறுத்தி வைத்தோம். இன்றைக்கும் அந்த வரியை நினைத்தால் எனக்கு என்னமோ செய்கிறது.

இப்போது கைப்பேசிகள் வெளியே ஒரு பெட்டியில். உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாத உடல் மாணவர் நிகழ்ச்சிக்கு வராது. போஸ்டருக்கு நுண்ணோக்கிப் படங்கள் மட்டும், அவையே போதுமான அளவு அழகானவை. ஆள் சேர்க்கும் ஆசையில் பாதுகாப்பையும் தளர்த்தாதீர்கள்: ரேபிஸ் சந்தேகம் இருந்தால் தடுப்பூசி போடாத மாணவர் யாரும் அருகில் வரக்கூடாது. திடீரென்று செத்து, துவாரங்களில் உறையாத இரத்தம் கசியும் மாட்டைத் திறக்கவே கூடாது, ஆந்த்ராக்ஸா (அடைப்பான் நோயா) என்று முதலில் இரத்தப் படலத்தில் பார்க்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டு மாணவர்:

நாங்கள் 'துப்பறியும் இரவு' நடத்துகிறோம். உண்மையில் நடந்ததை உறை உறையாகப் பிரித்துக் கொடுப்போம். அதிகம் பேர் வந்தது 1999இல் நியூயார்க்கில் நடந்ததற்கு. முதல் உறை: காகங்கள் சாகின்றன, மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல், கொசுவால் பரவும் செயின்ட் லூயி மூளைக்காய்ச்சல் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. இரண்டாவது உறை: பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் பூநாரைகளும் செத்திருக்கின்றன, மூளையில் அழற்சியும் இரத்தக்கசிவும். மூன்றாவது உறையில் ஒரே வரி: ஈமுக்கள் நலமாக இருக்கின்றன.

அந்த வரியில்தான் சண்டையே. செயின்ட் லூயி வைரஸ் பொதுவாகப் பறவைகளைக் கொல்வதில்லை, சரி, அப்படியானால் குதிரைகளைத் தாக்கும் கிழக்கத்திய மூளைக்காய்ச்சல் என்று ஒரு குழு சொன்னது. அதுவாக இருந்தால் ஈமு தப்பியிருக்காதே என்று இன்னொரு குழு மடக்கியது. காட்சிசாலையின் நோய்க்குறியியலாளர் டிரேசி மெக்னமாரா அன்றைக்கு யோசித்தது இதே வழியில்தான். மனிதர்களுக்கும் பறவைகளுக்கும் வந்தது ஒன்றே என்று விடாமல் வாதாடினார். கடைசியில் வெஸ்ட் நைல் வைரஸ் என்று தெரிந்தது, மேற்கு அரைக்கோளத்தில் அதுவே முதல் தடவை. கடைசி உறையைப் பிரித்தபோது ஒருவர்கூட எழுந்து போகவில்லை, மணி பத்தரை.

அடுத்ததாகக் கழுகுகளை எடுத்தோம். பாகிஸ்தானில் கொத்துக் கொத்தாகச் செத்த பிணந்தின்னிக் கழுகுகளின் உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலப் படிவு. சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது, காரணம் கிருமி இல்லை. மாடுகளுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக், சடலத்தைத் தின்ற பறவைக்கு எமனாகியிருக்கிறது. 2004இல் கண்டுபிடிப்பு வெளியானது, 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் கால்நடை மருத்துவத்தில் அந்த மருந்தைத் தடை செய்தன. மருந்துச் சீட்டு எழுதப் போகிறவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டியது. உங்களிடம் ஸ்லைடு சேகரம் இல்லையென்றால் கவலை வேண்டாம், வென்ஸ்டே ஸ்லைடு கான்ஃபரன்ஸ் என்ற ஸ்லைடு விவாதக் கூட்டத்தின் விவரங்களும் நோவாஸ் ஆர்க்கைவ் என்ற கால்நடை நோய்க்குறியியல் படத் தொகுப்பும் இணையத்தில் கிடைக்கின்றன.

இறுதி ஆண்டு மாணவி, கிளப் பொறுப்பாளர்:

எல்லாவற்றையும் படித்தேன். புகைப்பட விஷயத்தில் எங்களிடம் எழுதி வைத்த விதி எதுவும் இல்லை, இந்த வாரமே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இப்போது செய்வது களிமண். இருவர் முதுகோடு முதுகு உட்காருவார்கள். ஒருவர் உறுப்பைப் பார்த்து விவரிக்க வேண்டும், மற்றவர் பார்க்காமல் களிமண்ணில் செய்ய வேண்டும். நோயின் பெயரைச் சொல்லக்கூடாது. எந்த இடம், எப்படிப் பரவியிருக்கிறது, நிறம், அளவு, வடிவம், கெட்டியா மெத்தென்றா, இவை மட்டும். நேற்று பன்றியின் கல்லீரல், புழு ஊர்ந்து போன தடத்தில் வெண்புள்ளிகள். முதல் கூட்டத்தில் என்னிடம் தயங்கிப் பேசினாளே, அந்த மாணவிதான் களிமண் பக்கம். விவரித்தவன் "வெள்ளையா அங்கங்க இருக்கு" என்றான். அவள் திரும்பாமலே கேட்டாள்: "எத்தனை மில்லிமீட்டர்? மேல எழும்பியிருக்கா, குழிஞ்சிருக்கா? ஓரம் தெளிவா இருக்கா, கலைஞ்சிருக்கா?"

வரும் பருவத்திலிருந்து அவள்தான் பொறுப்பாளர். துப்பறியும் இரவுக்கான உறைகளை எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்கச் சொன்னாள், கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.