அரசு மருத்துவத்துக்கு எவ்வளவு ஒதுக்கினால் போதும்?

திண்டுக்கல்காரன்:
அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர். மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால் ஸ்கேனுக்கு ஒன்பது நாள் காத்திருந்தோம். நிதி கூட்டினால் இது தீருமா, எவ்வளவு கொட்டினாலும் பற்றாதா?

வார்டு அக்கா:
தம்பி, முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், பற்றாது. பிரிட்டனில் 1948இல் எல்லாருக்கும் இலவச வைத்தியம் தரும் என்.எச்.எஸ். என்ற அரசுத் திட்டம் தொடங்கியபோது, ஜனங்களுக்கு உடம்பு தேறினால் செலவு குறையும் என்றே நம்பினார்கள். 1951இலேயே பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வந்தது. திட்டத்தை உருவாக்கிய அமைச்சர் பெவன் அதை எதிர்த்துப் பதவி விலகினார். பிழைத்தவர்களுக்கு வயதாகும், வயதானால் டயாலிசிஸ், புற்றுநோய் என்று செலவு வரத்தானே செய்யும்? நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் வார்டில் எழுபதைத் தாண்டியவர்கள் அபூர்வம். இப்போது பாதிக் கட்டில் அவர்களுக்குத்தான். எனக்கு அது சந்தோஷம்.

மருந்தாளுநர்:
வாங்கும் விதமும் முக்கியம். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைத்து, மருந்தை மொத்தமாக டெண்டரில் வாங்கினார்கள். அதே பணத்துக்குக் கூடுதல் மாத்திரை கிடைத்தது.

வார்டு அக்கா:
உண்மை. ஆனால் ஆளை அப்படி மலிவாக வாங்க முடியாதே! ராத்திரி நாற்பது நோயாளிக்கு நான் ஒருத்தி. நாட்டின் மொத்த உற்பத்தியில் (ஜிடிபி) 2.5 சதவீதத்தை அரசு மருத்துவத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னதே, அதை முதலில் நர்ஸ் பணியிடங்களுக்குக் கொடுக்கட்டும்.

திண்டுக்கல்காரன்:
நன்றி அக்கா. ஸ்கேன் அறையிலும் டெக்னீஷியன் ஒருவர்தான் இருந்தார்.