ஊரடங்கு சரிவராது, வேறு சொல் உண்டா? வெள்ளிக்குள் வேண்டும்

இலண்டனிலிருந்து, 27 ஏப்ரல் 2020, திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம்.

கொரோனாவுக்காக இங்கிலாந்தில் போட்டிருக்கும் கட்டுப்பாடுகளை விளக்கி, எங்கள் பகுதித் தமிழ் முதியவர்களுக்காக நான்கு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி காலை அச்சுக்குப் போக வேண்டும். உள்ளே எல்லாம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. தலைப்பில்தான் நிற்கிறேன்.

மார்ச் 26 மதியம் 1 மணியிலிருந்து இங்கிலாந்தில் நடப்பில் இருக்கும் விதிகள் இவை. சனத்துக்கு முக்கியம் இரண்டு. ஆறாம் விதி: நியாயமான காரணம் இல்லாமல் யாரும் தாம் வசிக்கும் இடத்தை விட்டு வெளியேறக் கூடாது. ஏழாம் விதி: பொது இடத்தில் இரண்டு பேருக்கு மேல் கூடக் கூடாது, ஒரே வீட்டார் என்றால் பரவாயில்லை. மீறினால் 60 பவுண். 14 நாளுக்குள் கட்டினால் 30. திரும்பத் திரும்பப் பிடிபட்டால் இரட்டித்து இரட்டித்து 960 வரை ஏறும்.

முதல் வரைவில் 'ஊரடங்கு' என்றுதான் போட்டேன். எங்கள் பகுதியில் இருக்கும் யாழ்ப்பாணத்து மாமி ஒருவருக்குத் தொலைபேசியில் வாசித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஊரடங்கை எத்தின மணிக்கு எடுப்பாங்கள், பிள்ளை? பாஸ் எங்க குடுக்கிறாங்கள்?" நீரிழிவு மாத்திரை முடிந்து நான்கு நாளாம். மருந்துக்கடை அடுத்த தெருவில் திறந்திருக்கிறது. இவர் மெழுகுதிரி வாங்கி வைத்துக்கொண்டு ஊரடங்கு எடுக்கும் வரை காத்திருக்கிறார்.

அதனால் அந்தச் சொல் வேண்டாம். வேறு என்ன போடலாம்?

மதுரையிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, ஊரடங்கு வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் காரணம் வேறு. அடங்கு என்பது தன்வினை. ஊர் தானாக அடங்குவதுதான் ஊரடங்கு. அரசு அடக்கினால் அது ஊரடக்கு. குறுந்தொகை ஆறாம் பாட்டில் 'சொல்லவிந்து இனிதடங்கினரே மாக்கள்' என்கிறாள் தலைவி. அந்த 'இனிது' எங்கே, லத்தி எங்கே?

சென்ற மாதத்திலிருந்து நாளிதழ்களில் வரும் 'பொதுமுடக்கம்' இன்னும் மோசம். முடக்கு என்றாலே முடக்குவாதம் நினைவுக்கு வருகிறது. முடங்கல் என்றால் ஓலை. சிலம்பில் மாதவி கோவலனுக்கு விடுத்தது முடங்கல்தான். நாம் இங்கே எழுதிக்கொள்பவற்றை மடல் என்பதைவிட முடங்கல் என்பதே பொருத்தம் என்று முன்பொருமுறை எழுதியிருந்தேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டை விட்டு வெளியே போகாதே என்று தடுத்து வைப்பதற்குத் தமிழில் இரண்டாயிரம் ஆண்டாகச் சொல் இருக்கிறது: இற்செறிப்பு. இல் + செறிப்பு. புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டியதில்லை.

பர்மிங்காமிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா, இற்செறிப்பு படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். அழகான சொல்தான். ஆனால் யார் யாரை இற்செறித்தார்கள்? களவுக் காதல் வெளியே தெரிந்துவிட்டது என்று தாய் மகளை வீட்டுக்குள் வைப்பதற்குப் பெயர் அது. நான் வாரத்தில் இரண்டு நாள் பெண்களுக்கான உதவித் தொலைபேசியில் உட்காருகிறேன். வீட்டுக்குள் அடி வாங்குபவர் எழுந்து வெளியே போகலாம், அதற்குத் தண்டம் இல்லை என்று சட்டமே சொல்கிறது. ஆறாம் விதியில் 13 காரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். கடைசிக் காரணம் அதுதான்: காயமோ நோயோ வராமல் தவிர்க்க, தீங்கிலிருந்து தப்பிக்க. தலைப்பில் இற்செறிப்பு என்று போட்டால் அந்தப் பெண் பதின்மூன்றாவது வரி வரைக்கும் வாசிப்பாளா?

என் கருத்து: லாக்டவுன் என்றே எழுதுங்கள். மாமிக்கும் அது தெரியும்.

இலண்டனிலிருந்து, செவ்வாய் மாலை

மாமிக்குத் தெரியும், உண்மை. "லொக்டவுன்" என்றுதான் அவரும் சொல்கிறார். ஆனால் விதிகளைத் தலையிலிருந்து வால்வரை பார்த்துவிட்டேன், அந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை. 'கட்டுப்பாடுகள்' என்றுதான் இருக்கிறது. லாக்டவுன் என்று சனம் சொல்லும்போது சட்டமும் அதில் இருக்கிறது, அமைச்சர்கள் தொலைக்காட்சியில் சொன்ன அறிவுரையும் இருக்கிறது. இரண்டு மீட்டர் தள்ளி நில் என்பது அறிவுரை. நாளுக்கு ஒருமுறைதான் நடக்கப் போகலாம் என்பது இங்கிலாந்தில் அறிவுரை, வேல்சில் சட்டம். பொலிஸ் தண்டம் எழுதுவது எதற்கு, எழுத முடியாதது எதற்கு என்று பிரித்துச் சொல்லத்தான் இந்தப் பிரசுரமே.

கோலாலம்பூரிலிருந்து, செவ்வாய் இரவு

எங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மார்ச் 18 முதல் 'நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை'. வானொலியில் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிறோம். கட்டுப்பாடு இருக்கிறது, ஆணை இருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ளுங்களேன்.

மதுரையிலிருந்து, புதன் காலை

நடமாட்டம் எங்கள் பக்கம் சிறுத்தைக்கு. "மலையடிவாரத்தில் சிறுத்தை நடமாட்டம், மக்கள் பீதி." அதை விட்டால் பேய்க்கு.

கோலாலம்பூரிலிருந்து, புதன் காலை

இப்போது தெருவில் போகிறவனைப் பார்த்தால் மக்கள் பீதியடையத்தான் செய்கிறார்கள், ஐயா.

கோவையிலிருந்து, புதன் மதியம்

நீதிமன்றம் பாதி மூடிக் கிடப்பதால் எனக்கும் நேரம் இருக்கிறது. சில விஷயங்கள்.

இங்கே பொதுமக்கள் சட்டத்துக்குப் பெயர் வைப்பதில்லை, எண்ணைச் சொல்கிறார்கள். "நூத்தி நாப்பத்தி நாலு போட்டாச்சு" என்றால் டீக்கடைக்காரருக்கும் புரியும், கூட்டம் கூடக் கூடாது என்று. மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் போட்டது அதுதான். மறுநாள் நாடு முழுவதற்கும் 21 நாள் என்று வந்தது 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ். இரண்டையும் சேர்த்துத்தான் சனம் ஊரடங்கு என்கிறது. ஆகவே ஊரடங்கு தமிழ்நாட்டில் நிலைத்துவிட்ட சொல், அதை இலக்கணத்தால் அசைக்க முடியாது.

தலைப்பைவிட எனக்கு உறுத்துவது 'நியாயமான காரணம்'. ஆங்கில மூலத்தில் உள்ள 'எக்ஸ்கியூஸ்' என்ற சொல்லுக்கு அகராதிப்படி பார்த்தால் 'சாக்கு' என்றுதான் வரும். நம்மிடம் சாக்கு என்றால் பொய். தவிர அது மூட்டை. 'நியாயமான சாக்கு' என்றால் நீதிபதியே சிரிப்பார். 'முகாந்திரம்' என்று எங்கள் பழைய வழக்காட்டுச் சொல் ஒன்று உண்டு, ஆனால் அது போலீஸ்காரர் பக்கத்துச் சொல், வழக்குப் போட முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பது. வெளியே போகிறவருக்கு 'தகுந்த காரணம்' போதும். நியாயம் என்றால் தர்ம நியாயம் பேச ஆரம்பித்துவிடுவோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் மாலை

மார்ச் 20 மாலை 6 மணிக்குப் போட்ட ஊரடங்கு, எடுப்பதும் போடுவதுமாக இங்கு ஓடுகிறது. மாமி கேட்டதில் பிழையே இல்லை. எங்களுக்கு ஊரடங்கு என்றால் ஜீப் சத்தம். சின்ன வயதில் ஊரடங்கு எடுத்த இரண்டு மணித்தியாலத்துக்குள் சங்கக்கடை வரிசையில் நின்று சீனி வாங்கியிருக்கிறேன். அந்தச் சொல்லைத் தமிழ்நாட்டு அண்ணாமார் சும்மா எழுதலாம். எங்களால் முடியாது.

இன்னொன்று. தங்கச்சி, உங்கள் வரைவில் காரணங்களின் பட்டியலில் 'செத்தவீட்டுக்குப் போகலாம்' என்று இருந்ததே, அதை மாற்றுங்கோ. எங்கட ஆட்கள் செத்தவீடு என்றால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் குந்தியிருப்பது, எட்டுச்செலவு, அந்தியேட்டி என்று பின்னால் வரும் சடங்குகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் விளங்கிக்கொள்வார்கள். சட்டம் விடுவது இறுதிக்கிரியைக்கு மட்டும்தானே?

இலண்டனிலிருந்து, புதன் இரவு

மட்டும்தான் அண்ணா. அதுவும் ஒரே வீட்டார், நெருங்கிய சொந்தம். அவர்கள் யாரும் வராவிட்டால்தான் நண்பர்கள். 'இறுதிக்கிரியை' என்று மாற்றிவிட்டேன், நன்றி. பட்டியலில் இதுதான் எனக்குப் பெரிய பிழையாக இருந்திருக்கும். கோவை ஐயாவின் 'தகுந்த காரணம்' சொல்லையும் எடுத்துக்கொண்டேன்.

போன புதன், ஏப்ரல் 22, ஆறாம் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். முதலில் 'வெளியேறக் கூடாது' என்றுதான் இருந்தது. தகுந்த காரணத்தோடு வெளியேறிவிட்டு, பால் வாங்கிய கையோடு பூங்கா இருக்கையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால்? வெளியேறியது சரியான காரணத்துக்குத்தானே என்று வாதாடலாம். அதனால் இப்போது 'வெளியேறவோ வெளியே இருக்கவோ கூடாது'. ஆக, 'வெளியேற்றத் தடை' என்று நான் யோசித்து வைத்திருந்த தலைப்பும் போச்சு.

ஆறாம் விதியிலேயே கீழே ஒரு வரி: வீடில்லாதவருக்கு இது பொருந்தாது.

மதுரையிலிருந்து, வியாழன் காலை

'வெளியேற்றம்' பிறவினையும் ஆகும், வீட்டுக்காரர் குடித்தனக்காரரை வெளியேற்றுவது. எப்படியும் அது தேறியிருக்காது.

அப்படியானால் 'வீட்டிருப்பு'? இரண்டு விதிகளுக்கும்: வீட்டிருப்பு விதி, கூடல் தடை விதி.

பர்மிங்காமிலிருந்து, வியாழன் காலை

வீட்டிருப்பு என்றதும் அரிசி பருப்புக் கணக்கு என்று நினைத்தேன். கடையிருப்பு மாதிரி. அச்சுப்பிழை ஒன்று சேர்ந்தால் வீற்றிருப்பு ஆகிவிடும். மாமி சிம்மாசனம் கேட்பார்.

'கூடல் தடை' பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பொருட்பாலைத் தாண்டி மூன்றாம் பால் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கோவையிலிருந்து, வியாழன் காலை

சிரித்துப் புரையேறிவிட்டது. 'பொது இடத்தில் இருவருக்கு மேற்பட்ட கூடலுக்குத் தடை.' ஐயா, இதை மதுரைக்காரர் முன்மொழியலாமா? உங்கள் ஊரையே தடை செய்த மாதிரி இருக்கிறது.

மதுரையிலிருந்து, வியாழன் மதியம்

ஊடலுக்குப் பின் வருவது மட்டும் கூடல் அன்று. நான்மாடக்கூடல் என்ன, சங்கம் என்ன, எல்லாம் கூடுவதுதான். சொல்லைக் கேட்டதும் கட்டிலை நினைப்பது சொல்லின் குற்றமில்லை. ஆனாலும் விலக்கிக்கொள்கிறேன். 'குழுமல்'?

யாழ்ப்பாணத்திலிருந்து, வியாழன் மாலை

ஒன்றுகூடல் என்றுதான் இங்கு எழுதுவோம். பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று பிள்ளைகளுக்கும் தெரியும். கூடலுக்கு முன்னால் ஒன்றைப் போட்டால் கட்டிலும் போய்விடும்.

கோலாலம்பூரிலிருந்து, வியாழன் இரவு

நான் இன்னும் நடமாட்டக் கட்டுப்பாட்டில்தான் நிற்கிறேன். ஒரு நாட்டில் கோடிக்கணக்கான முறை சொல்லியாயிற்று. சிறுத்தைக்காக அதை விடுவானேன்?

இலண்டனிலிருந்து, வியாழன் நள்ளிரவு

மலேசிய நண்பர் மன்னிக்க வேண்டும். நடமாட்டம் என்றால் பிரயாணத்தைக் கட்டுப்படுத்துவது போலத்தான் மாமிக்குக் கேட்கிறது. வாசித்துப் பார்த்தேன். "நான் எங்க பிள்ளை நடமாடுறன், முழங்கால் நோகுது" என்றார்.

ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டேன். தலைப்பு இப்போது இப்படி: 'வீட்டுக்கு வெளியே செல்லவும் ஒன்றுகூடவும் சட்டக் கட்டுப்பாடுகள்'. அதன் கீழே கொட்டை எழுத்தில்: 'தகுந்த காரணம் இருந்தால் வெளியே போகலாம். பாஸ் தேவையில்லை. மருந்து வாங்கப் போகலாம். வீட்டில் ஆபத்து என்றால் வெளியேறலாம்.' நேரம் போட்டு எடுப்பதில்லை, 21 நாளுக்கு ஒருமுறை அரசு மீளாய்வு செய்யும் என்பதும் முதல் பக்கத்திலேயே. 60 பவுணுக்குத் 'தண்டப்பணம்'. அபராதம் என்று எழுதினால் இங்குள்ள பாதிப்பேர் விளங்காமல் நிற்பார்கள்.

பர்மிங்காமும் யாழ்ப்பாணமும் கோவையும் சரி என்று தனித்தனியாக எழுதிவிட்டார்கள். அதையே பெரும்பான்மை என்று எடுத்துக்கொள்கிறேன். தூக்கம் வருகிறது.

மதுரையிலிருந்து, வெள்ளி காலை

இது கலைச்சொல் அன்று, வாக்கியம். ஆறு சொல் தலைப்புக்கு நாம் ஐந்து நாள் பேச வேண்டியதில்லை. இற்செறிப்பை நான் விலக்கிக்கொள்ளவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். தாய் மகளைச் செறித்தாள் என்பதற்காக அரசு குடிகளைச் செறிக்கக் கூடாதா என்பதை விரிவாக எழுதுகிறேன்.

பிறகு, 'சட்டக் கட்டுப்பாடுகள்' என்பதற்கு இடையில் இடம் விட வேண்டாம். தொகையாதலால் சேர்த்தே எழுத வேண்டும்: சட்டக்கட்டுப்பாடுகள்.

இலண்டனிலிருந்து, வெள்ளி மதியம்

அச்சுக்குப் போய்விட்டது ஐயா. இடம் விட்டுத்தான்.