ரீஃப் தொட்டியில் உப்பளவு: கடலூர், புதுச்சேரி அனுபவங்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்

நம்ம ஊர்ப் பக்கம் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டி) வைத்திருப்பவர்கள் எல்லாருமே உப்பளவோடு மல்லுக்கட்டியிருப்போம். நான் பார்த்ததை முதலில் சொல்கிறேன், அப்புறம் நீங்களும் எழுதுங்கள்.

என்னுடையது சம்ப்போடு (கீழே இருக்கும் துணைத் தொட்டி) சேர்த்து சுமார் 100 லிட்டர். அக்னி நட்சத்திர நாட்களில் தண்ணீர் சூடேறாமல் இருக்க மேலே சின்ன மின்விசிறிகள் ஓடும். விசிறி தண்ணீரை ஆவியாக்கித்தான் சூட்டைக் குறைக்கிறது. அதனால் கடற்காற்று ஏறும்வரை, மேல்காற்று அடிக்கிற முற்பகலில், சம்ப்பில் மட்டம் மளமளவென்று இறங்கும். 3 லிட்டர் போனாலே உப்பளவு 35 பிபிடியிலிருந்து (ஆயிரத்தில் இத்தனை பங்கு உப்பு என்கிற கணக்கு) 36-ஐத் தாண்டிவிடும். ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. குறைந்ததை உப்பு கலக்காத தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும் என்பது புதிதாக வருகிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை.

சம்ப் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டு, காலையும் மாலையும் அந்தக் கோடு வரை ஊற்றுகிறேன். ஒரே வேளையில் மொத்தமாக ஊற்றினால் லெதர் கோரல் (தோல் போன்ற மென்பவளம்) உடனே முகம் சுருக்கும். மேலே பூப்போல விரிந்திருக்கும் பாலிப் எல்லாம் உள்ளே போய், தோல் மெழுகு பூசியதுபோல் மினுங்கும். பக்கத்திலேயே க்ளவுன் மீன் எதுவுமே நடக்காதமாதிரி நீந்திக்கொண்டிருக்கும். மீன் தன் உடம்பு உப்பைத் தானே சரிபண்ணிக்கொள்ளும். கோரலுக்கும் நத்தைக்கும் அந்த வசதி கிடையாது, வெளியே எவ்வளவோ உள்ளேயும் அவ்வளவுதான். அதனால் மீனைப் பார்த்துத் தொட்டி நன்றாக இருக்கிறது என்று முடிவு பண்ண வேண்டாம்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அண்ணே, உங்களுக்கு ஏறுகிற பிரச்சினை, எனக்கு இறங்குகிற பிரச்சினை. மீட்டர் ஒழுங்காக 35 காட்டும். ஆனால் பாறையில் ஊதாப் பாசி படியவே இல்லை. கால்சியம் பார்த்தால் லிட்டருக்கு 370 மில்லிகிராம், மெக்னீசியம் 1,140. கால்சியம் ஊற்று, மெக்னீசியம் ஊற்று என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடலூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர்தான் இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே விகிதத்துல குறைஞ்சிருக்கே, உப்பே குறைச்சலா இருக்கும்" என்றார். அவருடைய மீட்டரில் வைத்தால் 31!

என்னுடையது கடையில் ஆர்.ஓ. தண்ணீரை விட்டுப் பூஜ்யத்துக்குத் திருகிக் கொடுத்த ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கிற கருவி). பூஜ்யத்தில் சரியாக நிற்கிற மீட்டர் 35-லும் சரியாக நிற்கும் என்று சொல்ல முடியாது. பார்க்க வேண்டிய இடத்திலேயே திருக வேண்டும், அதாவது 35 பிபிடி கரைசலில். கரைசல் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். சுத்தமான சோடியம் குளோரைடு 36.5 கிராம், ஆர்.ஓ. தண்ணீர் 963.5 கிராம், இரண்டையும் தராசில் நிறுத்துக் கலந்தால் ரிஃப்ராக்டோமீட்டரில் அது 35 பிபிடி கடல்நீர் எங்கே நிற்குமோ அங்கே நிற்கும். அயோடின் சேர்த்த சமையல் உப்பு இதற்கு ஆகாது.

உப்பைத் தினம் கொஞ்சமாக ஏற்றி 35-க்குக் கொண்டுவந்ததும் கால்சியம் தானாக 420 பக்கம் வந்து நின்றது. ஒரு சொட்டு மருந்து ஊற்றவில்லை. வேறு எந்த டெஸ்ட் கிட்டையும் திறப்பதற்கு முன் உப்பைப் பாருங்கள், உப்பைப் பார்ப்பதற்கு முன் மீட்டரைப் பாருங்கள்.

லாஸ்பேட்டை, புதுச்சேரி

சமையலறை ஆர்.ஓ. பற்றி ஒரு வார்த்தை. குடிப்பதற்கான மிஷினில் ருசிக்காக மினரல் கேட்ரிட்ஜ் வைத்திருப்பார்கள், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவு) 60, 80 என்று வரும். தொட்டிக்கு டி.ஐ. ரெசின் (மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி) போட்டு பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதுதான் நல்லது. இல்லாவிட்டால் டாப் ஆஃப் தண்ணீரோடு (ஆவியானதை ஈடுகட்ட ஊற்றுவது) வேண்டாததெல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும்.

காலாப்பட்டு

மரக்காணம் உப்பளத்தில் எங்கள் குடும்பம் தலைமுறையாக வேலை பார்த்தது. தொட்டி ஆசையில் வருகிற தம்பிகள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "பக்கத்துலயே உப்பு விளையுதே, தொட்டிக்குன்னே விக்கிற ரீஃப் சால்ட்டை ஏன் காசு கொடுத்து வாங்கணும்?"

பாத்தியில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கடல்தண்ணீர் உள்ளே வரும்போது டிகிரி (உப்பின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவு) மூன்று, மூன்றரைதான் இருக்கும். வெயிலில் வற்ற வற்றச் சுண்ணாம்புச் சத்து முதலில் விழும், அப்புறம் ஜிப்சம். அதற்கென்றே தனிப் பாத்தி இருக்கும், கால் வைத்தால் பாதத்தில் நறநறவென்று குத்தும். 25 டிகிரிக்கு வந்த பிறகுதான் சமையல் உப்பு பூக்கத் தொடங்கும். அதை வாரிய பின் மிஞ்சுகிற தண்ணீரை நாக்கில் வைத்தால் கசக்கும், மெக்னீசியம் எல்லாம் அதில்தான். ஆக, நம் கைக்கு வருகிற உப்பில் கால்சியம் முன்னாலேயே போய்விட்டது, மெக்னீசியம் பின்னால் தங்கிவிட்டது. அதைக் கரைத்து மீட்டரில் 35 கொண்டுவந்துவிடலாம், ஆனால் அது கடல்நீர் ஆகாது.

அப்புறம் வாங்குகிற ரீஃப் சால்ட்டையும் நம்ம ஊரில் பத்திரமாக வைக்க வேண்டும். இந்த உப்பங்காற்றில் பையைத் திறந்து போட்டால் ஈரம் கோத்துக் கல்லாகிவிடும். எடையில் பாதி ஈரம்தான் என்று சொல்ல வரவில்லை, ஆனால் அதே கிராம் கணக்குக்கு உப்பளவு குறைந்துதான் வரும். இறுக்கமான வாளியில் மூடி வையுங்கள். நிறுத்துப் போட்டாலும் ஒவ்வொரு கலவையையும் அளந்த பிறகே ஊற்றுங்கள்.

மஞ்சக்குப்பம், கடலூர்

அருமை சார், ஜிப்சம் பாத்தி எனக்குப் புதுச் செய்தி. கடல்தண்ணீரையே எடுத்துவந்து ஊற்றுகிறவர்கள் யாராவது எழுதுங்களேன்.

தேவனாம்பட்டினம், கடலூர்

நாங்கள் அப்படித்தான். அப்பா கடலுக்குப் போகிறவர், கேன் கொடுத்துவிட்டால் கரையை விட்டு வெகுதூரம் போன பிறகு மொண்டு வருவார். கரையோரத் தண்ணீரை எடுக்கவே கூடாது. வடக்கே பெண்ணையாறு, இந்தப் பக்கம் கெடிலம், துறைமுகத்துப் பக்கம் உப்பனாறு. ஊர் அழுக்கும் ஆலைக் கழிவும் அந்தந்த முகத்துவாரத்தில்தான் வந்து சேரும்.

சித்திரை, வைகாசியில் அந்தத் தண்ணீர் 34, 35 நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் கதையே வேறு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. பின்னாலேயே சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணையில் வெள்ளம். அதற்குப் பிறகு பல நாள் கடல் செம்மண் நிறத்தில் கிடந்தது, கேன் தண்ணீர் 28-க்கும் கீழே காட்டியது. இங்கே மழையே இல்லாத நாளிலும் அந்த மாதங்களில் உப்பு கம்மிதான். வாடைக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இறங்கும், கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா கொட்டிய தண்ணீரைக் கரையோடு தள்ளிக்கொண்டு வரும். அதனால் கோடையிலேயே எடுத்து மூடி இருட்டில் வைத்துவிடுவோம். மழைக்காலத்தில் எடுக்க நேர்ந்தால் ரீஃப் சால்ட் கொஞ்சம் சேர்த்து 35-க்கு ஏற்றிக்கொள்வோம்.

தண்ணீர் எடுக்கலாம், உயிர் எடுக்கக் கூடாது. கல் பவளமும் கடற்குதிரையும் கடல் அட்டையும் 1972 வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வலையில் வந்ததைக் கேட்கிறார்கள் என்று யாரும் கொடுத்துவிடாதீர்கள். க்ளவுன் மீனைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைக்கலாம், நம்ம பரங்கிப்பேட்டை பல்கலைக்கழக மையத்திலேயே அந்த வேலை நடந்திருக்கிறது.

ரெட்டியார்பாளையம், புதுச்சேரி

என் தொட்டியில் நடந்தது ஆட்டோ டாப் ஆஃப் (மட்டம் இறங்கினால் தானாக நன்னீர் ஊற்றுகிற அமைப்பு) விவகாரம். ஃப்ளோட் ஸ்விட்ச்சின் மிதவைக்கு மேலே ஒரு சின்ன டர்போ நத்தை ஏறி உட்கார்ந்துவிட்டது. மிதவை எழும்பவில்லை, மோட்டார் நிற்கவில்லை. விடியும்போது 15 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் உள்ளே, 35 இருந்தது 32.5. ஜோயாந்தஸ் பாலிப் எல்லாம் மொட்டாக மூடிக் கிடந்தன.

உடனே உப்பை அள்ளிக் கொட்டத்தான் கை போகும். அதற்கு முன் தரையைப் பாருங்கள். தண்ணீர் வழிந்து வெளியே போகவில்லை என்றால் உங்கள் உப்பு முழுக்க உள்ளேதான் இருக்கிறது, நன்னீர்தான் கூடியிருக்கிறது. டாப் ஆஃப்பை நிறுத்திவைத்தால் அது ஆவியாகி அளவு தானாக ஏறும், கோரலுக்கும் மெதுவாக ஏறுவதே நல்லது. உப்பைப் போட்டிருந்தால் தண்ணீர் பழைய மட்டத்துக்கு வரும்போது 37-ஐத் தாண்டியிருக்கும். தரை நனைந்திருந்தால் மட்டும் உப்புத் தண்ணீர் கலந்து, நாளைக்கு ஒரு பிபிடிக்கு மேல் போகாமல் ஏற்றுங்கள்.

இப்போது ஸ்விட்ச்சைச் சுற்றி வலை கட்டியிருக்கிறேன். 25 லிட்டர் டிரம்மை எடுத்துவிட்டு 5 லிட்டர் கேன் வைத்துவிட்டேன். மோட்டார் இரவெல்லாம் ஓடினாலும் அதற்கு மேல் ஊற்ற அதனிடம் தண்ணீர் இருக்காது.