புதுப்பிப்பு: டிரெய்லரில் மக்கிப்போன தரைப்பலகை

காரின் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் என் பழைய ஃபைபர்கிளாஸ் டிரெய்லரில் கட்டிலடிப் பலகை மக்கி, கால் வைத்தால் அமுங்குகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். திருப்பரங்குன்றத்தில் வீட்டு வாசலில் நிறுத்திப் பிரித்தாயிற்று. தண்ணீர் கீழிருந்து ஏறவில்லை, ஜன்னல் ரப்பர் வெடித்து அந்த வழியாகச் சுவரோரம் இறங்கியிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பலகை ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. கெட்டி மரம் வரும்வரை வெட்டி, நன்றாகக் காயவிட்டு, ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள 12 மி.மீ. மரைன் பிளைவுட் (தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை) வைத்தேன். ஓரங்களுக்கும் எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) பூசுங்கள், ஓரம்தான் முதலில் தண்ணீர் குடிக்கும். மதுரை வெயிலில் எபாக்ஸி கலந்த கப்பிலேயே சூடாகி இறுகிவிடுகிறது, அதனால் விடியற்காலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். அப்புறம் ஜன்னலுக்குப் புது ரப்பர் போட்டு ஹோஸில் அரை மணி நேரம் தண்ணீர் அடித்தேன், உள்ளே ஒரு சொட்டு இல்லை. சக்கர வளைவு இன்னும் பாக்கி.